எழுவாய் இல்லாத கடிதம்

மலையாளம் பேசும் நகரத்தில், கிள்ளிப்பாலத்தில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் ஏழு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு, கட்டுரை எழுதியவர் வாசகரை எந்தெந்த உத்திகளால் மசிய வைக்கிறார் என்று பிரித்துக் காட்டுவது என் வேலை. ஒரே சொல்லில் மூன்று வாக்கியங்களைத் தொடங்கினால் அனஃபரா. கசப்பானதற்கு இனிப்பாகப் பெயர் வைத்தால் யூஃபெமிசம். நம் இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்று ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறோம். செய்தவரை மறைக்க வேண்டுமானால் இருக்கவே இருக்கிறது பாஸிவ் வாய்ஸ், செயப்பாட்டுவினை. இந்தப் பெயர்களை வகுப்பில் உருட்டிச் சொல்வதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை உண்டு.

ஒருநாள் காலை பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சாரத்தில் நின்று ஒருவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மனைவியோடு ஆரியசாலையில் ஒரு அறையில் குடியிருந்தார். அவர் கீழே நின்ற எங்கள் மேனேஜரிடம் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"சார், இந்தக் கம்பு உளுத்துப்போயிருக்கு. மாத்தித் தந்தியன்னா மேல ஏறுதேன்."

"நாளைக்கு ஃபங்ஷன். இன்னைக்கு முடிச்சே ஆகணும். ஒண்ணும் குழப்பமில்ல, நீ மேல கேறு," என்றார் மேனேஜர், மலையாளம் கலந்து.

நான் பாடத்தைத் தொடர்ந்தேன். மத்தியானம் மூன்று மணிக்குக் கம்பு முறிந்து அவர் விழுந்தார். இடுப்பெலும்பும் வலது காலும் உடைந்தன. மறுநாள் விழா நடந்தது. பாதி பெயின்ட் அடித்த சுவரை ஒரு பெரிய பேனரால் மறைத்திருந்தார்கள்.

அதற்கும் இரண்டு நாள் கழித்து டைரக்டர் கூப்பிட்டார். வலியசாலையில் வீடு, நாஞ்சில் நாட்டுக் குடும்பம். என்னிடம் தமிழில்தான் பேசுவார். மேசையில் பழம்பொரி என்னும் வாழைப்பழ பஜ்ஜித் தட்டு.

"டீச்சர், அவன் பெண்டாட்டி வந்து சத்தம் போடுகா. இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் அடிச்சுக் குடுத்து, காப்பியில ஒத்துக்கிட்டதா கையெழுத்து வாங்கிருவோம். வருத்தம் தெரியணும், ஆனா நம்ம மேல வரப்பிடாது. கேட்டேளா?"

கேட்டேன். எழுதினேன். அரைமணி நேரத்தில் எழுதி முடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விழுந்ததை 'எதிர்பாராத நிகழ்வு' ஆக்கினேன். முறிந்த இடுப்பை 'அசௌகரியம்' ஆக்கினேன். 'உங்கள் வலியில் பங்குகொள்கிறோம், உங்கள் கவலையில் பங்குகொள்கிறோம், உங்கள் நம்பிக்கையில் பங்குகொள்கிறோம்' என்று மும்முறை அடுக்கினேன். அந்த அடுக்கைத் திரும்பப் படித்தபோது, நன்றாக வந்திருக்கிறதே என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

டைரக்டர் எண்ணெய் விரலால் தாளைப் பிடித்துப் படித்தார். "உஷாராயிருக்கு. இன்னொண்ணு சேருங்க. பாதுகாப்பு அறிவுரை முன்னாடியே கொடுத்திருந்தோம்னு."

யாரும் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மறுத்தேனா? இல்லை. 'கொடுத்திருந்தோம்' என்பதைக் 'கொடுக்கப்பட்டிருந்தது' என்று திருத்தி எழுதிக்கொடுத்தேன். இப்போது அந்த வாக்கியத்தில் பொய் மட்டும் இருந்தது. சொன்னவர் யாரும் இல்லை.

மறுநாள் பெயின்டரின் மனைவி கையில் கடிதத்தோடு வராந்தாவில் என்னை மறித்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் தரையில் படுத்து எழுந்து வந்த சேலை.

"டீச்சரக்கா, நீங்க தமிழ்தான? கையெழுத்துப் போடச் சொல்லுதாவ. இதுல என்னக்கா எழுதியிருக்கு?"

நான் எழுதியதை நானே தமிழில் படித்துச் சொன்னேன். அவள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தினாள்.

"நிகழ்வுன்னா?"

"அவர் விழுந்தது."

"அசௌகரியம்னா?"

"இடுப்பு முறிஞ்சது."

"அப்படியே எழுதுனா என்னவாம்?"

அடுத்த வரிக்குப் போனேன். பாதுகாப்பு அறிவுரை கொடுக்கப்பட்டிருந்தது.

"யாரு குடுத்தா?"

அவள் குரலை உயர்த்தவில்லை.

"கம்பு உளுத்திருக்குன்னு அவுகல்லா சொன்னாவளாம். அவுகளுக்கு யாரு அக்கா அறிவுரை குடுத்தா?"

"யாரும் குடுக்கல. நீ கையெழுத்துப் போடாத."

"இத எழுதுனது யாருக்கா?"

"ஆபீஸ்ல யாரோ," என்றேன்.

கழிவறைக்குப் போய் வாயைக் கொப்பளித்தேன். கசப்பு போகவில்லை. டைரக்டர்மேல் வந்த அருவருப்பைவிட, அவருக்குத் தெரியாத வித்தையை அவருக்காகச் செய்துகொடுத்த என்மேல்தான் அதிகம் வந்தது. அவர் பொய் முரட்டுப் பொய். நான்தான் அதற்கு இஸ்திரி போட்டேன்.

அன்றே ஒரு தாளில் ஐந்து வாக்கியம் எழுதினேன். பெயின்டர் சொன்னார். மேனேஜர் ஏறச் சொன்னார். பெயின்டர் ஏறினார். கம்பு முறிந்தது. நான் கேட்டேன். கீழே கையெழுத்துப் போட்டு, அவளோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். விசாரணையில் மேனேஜர் முதலில் மறுத்தார். வகுப்பில் இருந்த இரண்டு மாணவிகளும் தாங்களும் கேட்டதாகச் சொன்னபிறகு ஒப்புக்கொண்டார். சிகிச்சைச் செலவையும் இழப்பீட்டையும் நிலையம் ஏற்றுக்கொண்டது.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நெனைச்சிட்டேளே டீச்சர்," என்றார் டைரக்டர். அடுத்த மாதம் எனக்கு வகுப்புகள் இல்லை. இப்போது கரமனையில் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு மதிப்பெண் வேண்டுமென்றால் அதே உத்திகளைத்தான் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தருகிறேன், பழைய ருசி இல்லாமல்.

ஊன்றுகோலோடு பெயின்டர் ஊருக்குத் திரும்பிய நாளில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். அவரை ஏற்றி உட்கார வைத்துவிட்டு அவள் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்கள மறக்க மாட்டோம்க்கா" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

"அந்த லெட்டரை எழுதினது நான்தான்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கையை மெல்ல எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்வரை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.