துக்க வீட்டில் எடுத்த படம்

என் வீட்டுக்காரரின் உடல் ஐஸ் பெட்டியில் இருந்தபோது அந்த ஆள் வந்தான். ராயபுரத்தில் எங்கள் சந்து குறுகலானது. சாமியானாவை இரண்டு பக்கத்துச் சுவரிலும் இழுத்துக் கட்டிப் பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் ஒன்றில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குக் கொடுத்த டீயை அவனும் வாங்கிக் குடித்தான். முழுக்கைச் சட்டையும் தோளில் பையுமாக இருந்தான். நான் வேலை செய்யும் இடத்திலிருந்து வந்தவன் என்று உறவுக்காரர்கள் நினைத்தார்கள். என் புருஷனோடு பழகிய யாரோ என்று நான் நினைத்தேன்.

டீ குடித்து முடித்ததும் எழுந்து பெட்டியருகே வந்தான். கும்பிடப் போகிறான் என்றுதான் நினைத்தேன். போனை எடுத்து ஒரு படம் எடுத்தான். பிறகு என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "வண்டி எங்க கீது?" என்றான்.

அவரிடம் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று இருந்தது. காசிமேட்டில் மீன் ஏற்றி மார்க்கெட்டுகளுக்குக் கொண்டுபோவார். பைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கி, செகண்ட் ஹாண்டில் எடுத்த வண்டி. ஜாமீன் கையெழுத்து நான்தான் போட்டேன். மஞ்சள் காமாலை வந்து அவர் படுத்ததிலிருந்து வண்டி ஓடவில்லை, இரண்டு மாதத் தவணை நின்றுபோயிருந்தது. இதை எங்கும் நான் மறுத்ததில்லை.

இன்றைக்கு உடலை எடுக்கப் போகிறோம், போய்விடுங்கள் என்றேன். அவன் நகரவில்லை. "நானும் மேல பதில் சொல்லணும்ல. ஒரு தேதி சொல்லு, போய்டறேன்."

நான் தேதி சொன்னேன். வருகிற பத்தாம் தேதி கட்டிவிடுகிறேன் என்று, என் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, கெஞ்சுகிற குரலில் சொன்னேன். அவன் கேட்டதை எப்போதாவது மறந்திருப்பேன். நான் பதில் சொன்னதை மறக்க முடியவில்லை. மூலக்கொத்தளத்தில் அடக்கம் முடித்து ஆண்கள் திரும்பி வந்து குளித்துக்கொண்டிருந்தபோது, எனக்குள் அந்தத் தேதிதான் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன், இவனைச் சும்மா விடக்கூடாது.

என் தம்பி விசைப்படகில் போகிறவன். விஷயம் தெரிந்ததும் கொதித்துப்போனான். "நீ ஒண்ணும் பண்ண வேணாங்க்கா. தோஸ்துங்க நாலு பேர் போதும். ஆளை இட்டுகினு போய் பேசிக்கிறோம்" என்றான். பொய் சொல்ல மாட்டேன், இரண்டு நாள் அதை நினைத்து நினைத்து ருசித்தேன். அந்த ஆளின் முகம் வீங்கியிருப்பதைக் கற்பனை செய்தபடி சோறு சாப்பிட்டேன். ஆனால் அடித்தால் வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிடும், உள்ளே போவது என் தம்பியாக இருக்கும். எனக்கு வடியாத ஒன்று வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட்டில் பதிவு எழுதுவது என் வேலை. எந்த டிரெய்லர், எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, பெட்டியின் சீல் நம்பர் என்ன, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று பன்னிரண்டு வருடமாக எழுதுகிறேன். அங்கே எடைமேடையில் இருக்கும் பெண், இதற்கு முன்னால் இரண்டு வருடம் கடன் வசூல் செய்கிற ஒரு ஆபீஸில் போன் பேசியவள். மதியச் சாப்பாட்டின்போது அவளிடம் சொன்னேன். பாதியில் சாப்பாட்டை நிறுத்தினாள்.

"போட்டோ எட்த்தானா? பெட்டியோடவா?"

ஆமாம் என்றேன்.

"அக்கா, அது அவன் ஆசைக்கு எடுத்தது இல்ல. வூட்டாண்ட போய்ட்டு வந்தேன்னு ஆப்ல ஏத்தறதுக்கு எட்துகீறான். நேரம், இடம் எல்லாம் அதுலயே வுழுந்துரும். இப்ப அது கம்பெனி கைல கீது."

அவள்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். காலை எட்டு மணிக்கு முன்னாலும் மாலை ஏழு மணிக்குப் பின்னாலும் அவர்கள் கூப்பிடக்கூடாது. வீட்டுக்கு வருகிறவனிடம் அடையாள அட்டையும், இன்ன கம்பெனி தன்னை அனுப்பியது என்ற கடிதமும் இருக்க வேண்டும். கடன் வாங்காத, ஜாமீன் போடாத ஆட்களிடம் கடனைப் பற்றிப் பேசக்கூடாது. திட்டக்கூடாது, மிரட்டக்கூடாது. வந்தவன் வசூல் ஏஜென்சி ஆள் என்று சொல்லிக் கம்பெனி கை கழுவ முடியாது. துக்க வீட்டுக்குப் போகக்கூடாது என்று எங்களுக்குக் கடன் கொடுத்த கம்பெனியே தன் நடத்தை விதிகளில் எழுதி வைத்திருந்தது. அவள் போனில் எடுத்துக் காட்டினாள். போலீசுக்குப் போனால் பேசி முடித்துவிடுவார்கள், எழுத்தில் போகிற புகாருக்குத்தான் இவர்கள் நடுங்குவார்கள் என்றாள்.

அன்று சாயங்காலமே ஒரு நோட்டு வாங்கினேன். யார்டில் எழுதுகிற மாதிரியே கோடு போட்டு எழுதினேன்: எந்த நம்பரிலிருந்து கூப்பிட்டான், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், என்ன சொன்னான். எல்லா அழைப்பும் பதிவாகிற மாதிரி என் மகள் போனில் செய்து கொடுத்தாள்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காரியம் முடிந்த வாரமே இரண்டு தவணைக்கும் சேர்த்து என் கையில் பணம் வந்துவிட்டது. அவர் போட்டிருந்த சீட்டுப் பணம். கட்டிவிடுங்கள் என்று எடைமேடைக்காரி சொன்னாள். நான் கட்டவில்லை, ஐந்து வாரம் வைத்திருந்தேன். கட்டிவிட்டால் அவன் வாயை மூடிவிடுவான். அவன் இன்னும் தப்புச் செய்ய வேண்டும், ஒவ்வொன்றாக என் நோட்டில் வந்து விழ வேண்டும் என்று காத்திருந்தேன்.

விழுந்தன. காலை ஆறரைக்குக் கூப்பிட்டான். யார்டு மேனேஜருக்குப் போன் போட்டு, என் சம்பளத்தைப் பிடித்து வைக்கச் சொன்னான். என் மகளைக் கூப்பிட்டு, உன் அம்மா ஊரை ஏமாற்றுகிறவள், காலேஜுக்கே வந்து சொல்வேன் என்றான். அன்று அவள் அழுதபோது, பணத்தைக் கட்டித் தொலைக்கலாமா என்று எனக்கு மனசு ஆடியது. அழுதுகொண்டே அவள்தான் நோட்டை எடுத்து நேரத்தை எழுதினாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட ஒருவனைக் கூட்டிக்கொண்டு சந்துக்கே வந்தான். தண்ணீர் லாரி வந்து குடங்களோடு எல்லோரும் வெளியே நின்ற நேரம். நான் போனில் பதிவைப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"கார்டு காட்டு" என்றேன்.

"இன்னா கார்டு?"

"கம்பெனி குடுத்த அடையாள கார்டு. உன்னை அனுப்புனதுக்கு லெட்டர்."

சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். "கடன் துட்டு வாங்கசொல்ல கார்டு கேட்டியா? புருஷன் செத்தத வெச்சி ஏமாத்திகினு, இப்ப சட்டம் பேசறியா?"

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அது கோபம் இல்லை, சந்தோஷம். "சரியா கேக்கல. இன்னொரு தபா சொல்லு" என்றேன். அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான். கூட ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துக்கொண்டான். எதிர்வீட்டு அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவனை அடிக்க வந்தார். நான்தான் தடுத்தேன்.

மறுநாள் காலை கம்பெனி கிளைக்குப் போய் இரண்டு தவணையையும், அதற்குப் பிறகு வந்த தவணையையும் சேர்த்துக் கட்டி ரசீது வாங்கினேன். கட்டாதவள் சொல்கிறாள் என்று யாரும் என் புகாரைத் தள்ளக்கூடாது. அன்றே ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். தேதி, நேரம், பேசிய வார்த்தைகள், எல்லாம். ஒரு மாதம் கழித்து இரண்டு வரி பதில் வந்தது. எங்கள் பிரதிநிதிகள் கண்ணியமாகவே நடந்துகொள்கிறார்கள் என்று.

அந்தப் பதிலையும் இணைத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பினோம். வக்கீல் வேண்டாம், பீஸ் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் எடைமேடை அறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் போனிலேயே அனுப்பி முடித்தோம்.

அங்கிருந்து கம்பெனியிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். சில வாரம் கழித்து, கம்பெனி கொடுத்த விளக்கத்தின் நகல் எனக்கும் வந்தது. முறைப்படிதான் வந்தோம் என்று காட்ட, வீட்டுக்கு வந்த ஒவ்வொரு முறைக்கும் உரிய படத்தைச் சேர்த்திருந்தார்கள். யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான்காவது பக்கத்தில் ஐஸ் பெட்டி இருந்தது. மாலை, என் குனிந்த தலை, நிமிர்ந்து நேராகப் பார்க்கிற என் மகளின் முகம். கீழே நேரமும் எங்கள் சந்தின் பெயரும். குறிப்பு என்ற இடத்தில், வாடிக்கையாளரை நேரில் சந்தித்தேன், பணம் கட்டச் சம்மதித்தார் என்று போட்டிருந்தான்.

வாடிக்கையாளர் பெட்டிக்குள் இருந்தார்.

அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு, குறைதீர்ப்பாளருக்கு அடுத்த கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். நான்காம் பக்கத்தைப் பாருங்கள் என்று தொடங்கி, துக்க வீட்டைப் பற்றிய அவர்களுடைய விதியையும் உடன் வைத்தேன்.

அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்து போன் வந்தது, மேடம் என்று. பெரம்பூரில் இருந்த அவர்களுடைய பெரிய கிளைக்கு வந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாமா என்றார்கள். போனேன். ஏசி அறையில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நஷ்டஈடு தரவும் அபராத வட்டியைத் தள்ளவும் சம்மதித்தார்கள். மன்னிப்புக் கடிதம் தமிழில், கம்பெனி முத்திரையோடு வேண்டும் என்றேன். அதற்கும் தலையாட்டினார்கள். இனி அந்த ஆள் உங்கள் கம்பெனிக்காக எந்த வீட்டு வாசலையும் மிதிக்கக்கூடாது, அதையும் எழுதித் தாருங்கள் என்றபோதுதான் தயங்கினார்கள். அவர் எங்கள் ஊழியர் இல்லை, ஏஜென்சி ஆள் என்றார் நடுவில் இருந்தவர்.

"அனுப்புனது நீங்க. அவன் செஞ்சதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். எழுதித் தரலன்னா கேஸ் நடக்கட்டும், எனக்கு அவசரம் இல்ல" என்றேன்.

எழுதிக் கொடுத்தார்கள். அந்த மன்னிப்புக் கடிதத்தை நாற்பது ஜெராக்ஸ் எடுத்தேன். அவன் கத்தியதைக் கேட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நானே கொடுத்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தும் காட்டினேன். வண்டியை விற்று மிச்சக் கடனையும் அடைத்தேன். அவனை ஏஜென்சியும் எடுத்துவிட்டது என்று எடைமேடைக்காரி விசாரித்துச் சொன்ன அன்று, யார்டில் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் வந்தாள். தண்டையார்பேட்டை என்றாள். அவனுடைய மனைவி. ஏஜென்சி அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறதாம், நான் மன்னித்துவிட்டதாக ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம்.

"ஒரு நாளைக்கு இத்தினி வூடுன்னு கணக்குக்கா. போவலன்னா அன்னிக்கி பேட்டா கெடையாது. எங்கூட்டு ஆளு தெரிஞ்சுதான் செஞ்சிச்சு, தப்புதான்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளை உட்கார வைத்தேன், சாப்பிட்டாயா என்று கேட்டேன். எழுதித் தர மாட்டேன் என்றும் சொன்னேன். அவள் இன்னொரு முறை கேட்கவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு சந்து முனையைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாவமாக இல்லையா அம்மா என்று என் மகள் கேட்டாள். அவளைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்காத ஒன்றை மன்னித்ததாக எப்படி எழுதுவது? இன்றைக்கு வந்து கேட்டாலும் எழுத மாட்டேன்.