ஒரு நாள் சார்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் பயணக் கடப்பிதழை நகலெடுக்கப் போனேன். சூடான தாளின் வாசனை மூக்கில் ஏறியதும் கை தானாகக் கோப்பைத் தேடியது. கையில் கோப்பு இல்லை. அதைச் சுமந்து திரிந்த காலம் போய் வெகு நாளாகிவிட்டது.

அப்போது பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவம் முடித்துச் சும்மா இருந்தேன். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளை பெற்று மூன்று மாத விடுப்பில் போயிருந்தார். அந்த இடத்துக்குத் தற்காலிக ஆசிரியராக என்னை வரச் சொன்னார் தலைமையாசிரியர். "விண்ணப்பப் பாரம்லாம் முடிச்சி லெட்டர் வாங்கிட்டு நேரா கிளாசுக்கு வந்துருங்க லா." அன்று சாயங்காலமே அம்மா, பண்டமாரானில் எங்கள் வரிசை வீடுகள் முழுக்க, மகன் சார் ஆகிவிட்டான் என்று சொல்லி முடித்துவிட்டார். இனி நான் சார் ஆகியே தீர வேண்டும். எனக்கும் ஆசைதான். கண்ணாடி முன் நின்று வருகைப்பதிவு எடுத்துப் பழகியவன் நான்.

தகுதி என்றால் படிப்பு என்று நினைத்திருந்தேன். கல்வி அலுவலகத்தில் தகுதி என்றால் நகல். நகல் கடை அக்காவுக்கு என் கணிதத் தேர்வுப் புள்ளி மனப்பாடமே ஆகிவிட்டது. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். அதற்கும் நகல் கேட்டார்கள். முழுக் கருப்பாக ஒரு தாள் வந்தது. அதிலும் ஓர் அதிகாரி 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தினார்.

கடைசிப் பாரத்தில் அந்த டீச்சரே கையெழுத்துப் போட வேண்டும். அவர் வீட்டு வாசலில் அவருடைய மாமியார் மறித்தார். "முப்பது நாளு முடியாம வெளியாளு உள்ள வரக்கூடாது. ஜன்னல்ல குடுங்க தம்பி."

காதில் துணி கட்டியிருந்த டீச்சர் கம்பிக்குப் பின்னாலிருந்து பேசினார். "கடைசி பெஞ்சில ஒரு பிள்ள இருக்கு. நின்னுக்கிட்டுத்தான் வாசிப்பா. உக்காரச் சொல்லிடாதீங்க." கல்வி அலுவலகத்தில் யாரும் என்னிடம் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

டீச்சரின் கையிலிருந்த நல்லெண்ணெய் பாரத்தில் ஊறிவிட்டது. அலுவலகத்தில் பாரம் வாங்கும் கிராணி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்னா இது, அப்பளமா? புதுசு கொண்டாங்க."

இரண்டாம் தடவை கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது. மூன்றாம் தடவை பாரமே மாறிவிட்டது. முதல் தடவை போனபோது குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. நான்காம் தடவை நான் வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்திருந்தேன். அது என் முன்னால் குப்புற விழுந்து சிரித்தது. மாமியார் கைதட்டினார். நான் விடுப்பில் மிச்சமிருந்த நாட்களை விரல்விட்டு எண்ணினேன்.

கடிதம் வந்தபோது விடுப்பில் ஒரே ஒரு நாள் மிச்சம்.

போனேன். அந்தப் பிள்ளை எழுந்து நின்று வாசித்தாள். நான் உட்காரச் சொல்லவில்லை. அதைப் பார்த்து வகுப்பே எழுந்து நின்றுகொண்டது. அந்த வழியாக வந்த தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "என்னா சார், மொத நாளே தண்டனையா?" என்றார். முப்பது பிள்ளைகள் நின்றபடியே வாசித்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை.

மறு மாதம் ஷா ஆலத்தில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. அம்மா அதை அக்கம்பக்கத்தில் சொல்லவே இல்லை. தொழிற்சாலைச் சட்டையைப் பையில் ஒளித்து, டை கட்டிவிட்டுத்தான் அனுப்புவார். "ஸ்கூலுக்கா சார்?" என்பார்கள் வழியெல்லாம். தலையாட்டிக்கொண்டே பஸ்ஸைப் பிடிப்பேன். பல வருஷம் அப்படியே ஓடியது.

அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது நான் எல்லோருக்கும் அங்கிள். என்னைச் சார் என்று நம்பியிருந்தவர்களில் யார் எங்கே குடிபோனார்கள் என்று எனக்குத் தெரியாது.