நான் விழுந்த இடத்துக் கல்

மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்குள் நுழைவதை ஆட்டமில்லாமல் படமெடுக்கத் தெரிந்தவன் கள்ளக்குறிச்சியில் நான் ஒருவன்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. மற்றவர்களும் அப்படிச் சொன்னார்களா என்று விசாரித்ததில்லை. கேமரா ஆடாமல் தாங்குகிற சிறிய ஸ்டெபிலைசர் ஒன்றை வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு சில முகூர்த்தங்களைச் சமாளித்திருந்தேன். மணலூர்பேட்டையில் ஒரு கல்யாணத்தை மணமக்களைச் சுற்றிச் சுற்றி வந்து எடுத்தேன். படம் நன்றாகத்தான் வந்தது. ஐயர்தான் மந்திரத்தைப் பாதியில் நிறுத்தி, "அவர் அக்னியச் சுத்தி முடிச்சிடட்டும், அப்புறம் பொண்ணு மாப்பிள்ளை சுத்தட்டும்" என்றார்.

இந்தத் தகுதியோடுதான் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குள் நுழைந்தேன். கல்வராயன் மலையில் படப்பிடிப்பு. சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஸ்டெபிலைசர்காரர் உளுந்தூர்பேட்டையில் பரோட்டா சாப்பிட இறங்கி, முதுகு பிடித்துக்கொண்டு, நிமிர முடியாமல் அப்படியே ஊர் திரும்பிவிட்டார். அவருடைய கருவி மட்டும் மலைக்கு வந்து சேர்ந்தது. தயாரிப்பு மேனேஜர் கள்ளக்குறிச்சி ஸ்டூடியோக்களுக்கெல்லாம் போன் போட்டார்.

"ஸ்டெபிலைசர் ஓட்டுவீங்களா சார்?"

"ஓட்டுவேன்."

எவ்வளவு பெரியது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டியவன் சொல்கிற பொய்யில் ஒரு கனம் வந்துவிடுகிறது. கேட்கிறவர்கள் அதை அனுபவம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கருவியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். நெஞ்சையும் இடுப்பையும் இறுக்கிப் பூட்டுகிற ஒரு சட்டை. அதிலிருந்து ஸ்பிரிங் வைத்த கை ஒன்று முன்னால் நீளும். கையின் நுனியில் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் கேமரா, அடியில் சின்ன மானிட்டர். சுமக்கிறவன் மூச்சு வாங்கினாலும் தள்ளாடினாலும் படம் மட்டும் தண்ணீரில் மிதக்கிற மாதிரி போகும். இப்படி ஒருவன் நடந்தான் என்பதே பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது. அதுதான் தொழிலின் பெருமை. இத்தனை வருஷம் யார் கண்ணிலும் பெரிதாகப் படாமல் வாழ்ந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன். சட்டையைப் பூட்டியதும் முதுகெலும்பு வேறு கருத்துத் தெரிவித்தது.

வெள்ளிமலைக்குப் போகிற ரோட்டிலிருந்து விலகி, சரிவில் இருந்த ஒரு வீட்டு வாசலில் ஷாட். கதாநாயகி கணவனோடு சண்டை போட்டுவிட்டு வீட்டை விட்டு வெளியேறி, மரவள்ளிக் கொல்லை ஓரமாகப் போகிற ஒற்றையடிப் பாதையில் நடந்து, தூரத்திலிருக்கும் பலாமரத்தடிக்கு வந்து அழவேண்டும். நான் அவருக்கு முன்னால், அவர் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்கவேண்டும். பின்னோக்கி நடக்கிறவனுக்குக் கண்ணாக, இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு லைட்மேன் கூடவே வருவார். சென்னைக்காரர். என்னைவிட மூத்தவர்.

"சார், நீ பின்னால பாக்காத. வலதுன்னா வலது, இடதுன்னா இடது. நான் கீறேன்."

அவர் இருந்தார். ஆனால் அவர் முகம் போகிற திசையில் இருந்தது, என் முகம் வந்த திசையில். அவருடைய வலது எனக்கு இடது. பழகினவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. ஒத்திகையின்போது அவர் "வலது" என்றார், நான் என் வலதுக்குப் போனேன். பாதையோரத்தில் நட்டிருந்த ஒரு கல்லில் குதிகால் இடித்தது. லைட்மேன் மேல் மல்லாந்தேன். கதாநாயகி அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

டைரக்டர் ஓடிவந்தார். வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். "என்ன சார் ஆச்சு?"

கால் மாறிப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்றே சொல். ஆனால் யூனிட் முழுதும் என்னைச் சுற்றி நின்றது.

"கல்லு சார். பாதை பூரா கல்லு. இதுல எவன் நடக்க முடியும்?"

அவ்வளவுதான். கலை இயக்கப் பிரிவு ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். பாதையோரம் அங்கங்கே நின்றிருந்த மூன்று கற்களைப் பெயர்த்தார்கள். ஒற்றையடிப் பாதையை மூன்று பேர் நடக்கிற அகலத்துக்குச் செதுக்கினார்கள். வேறெங்கிருந்தோ மண் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே சருகு தூவினார்கள். புத்தம்புதிய பழைய பாதை தயார். ஷாட் இரண்டாவது டேக்கில் ஓகே ஆனது. கைதட்டினார்கள். லைட்மேன் தோளைத் தட்டி, "பரவால்ல சார், நீ தேறிக்குவ" என்றார். நான் மலையிலிருந்து அரையடி மேலே மிதந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை டிபன் நேரத்தில் ஒரு அக்கா வந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் களைக்கொட்டு. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"இங்க இருந்த கல்ல யாரு புடுங்குனது?"

எல்லோரும் டைரக்டரைப் பார்த்தார்கள். டைரக்டர் கலை இயக்குநரைப் பார்த்தார். கலை இயக்குநர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இட்லிப் பாத்திரம்தான் இருந்தது.

"கீழ்நாட்டாளுங்களா?" என்றார் அக்கா. மலைக்குக் கீழே இருப்பவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"கள்ளக்குறிச்சிங்க அக்கா."

"கள்ளக்குறிச்சில அடுத்தவன் கொல்லையில நட்ட கல்ல யார் வேணா புடுங்கினு போலாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரப்புத் தகராறில் குடும்பங்கள் அழிவதைப் பற்றி நான் நாவல் நாவலாகப் படித்தவன். அவற்றில் எதிலும் எல்லைக்கல்லுக்குப் படம் போட்டிருக்கவில்லை என்பது என் தரப்பு வாதம்.

பாதைக்கு ஒரு பக்கம் இருந்த மரவள்ளிக் கொல்லை அக்காவுடையது. மறுபக்கம் சாமை அறுத்து வெறுமையாகக் கிடந்த நிலம் அவருடைய கொழுந்தனுடையது. அக்காவின் கணவர் இறந்த பிறகு, அண்ணி தன் நிலத்துக்குள் தள்ளித் தள்ளி நடுகிறாள் என்று கொழுந்தன் கிளப்பிய தகராறு ஊர்க்கூட்டம் வரை போய், போன மழைக்கு முன்புதான் ஊரே நின்று அந்த மூன்று கற்களை நட்டிருந்தது. அந்தச் சரிவில் பட்டா, சர்வே என்று எதுவும் யாரிடமும் இல்லை. கல்தான் பட்டா. அதை நம்பித்தான் அக்கா கல்லை ஒட்டி முதல் வரிசை மரவள்ளிக் குச்சியை ஊன்றியிருந்தார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கொழுந்தன் வந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி.

"இன்னா அண்ணி, கல்லு நடந்து போயிடுச்சா?"

"ஊரே நின்னு நட்ட கல்லு. நீயும்தான கடப்பாரை புடிச்ச?"

"புடிச்சேன். எங்க புடிச்சேன்னுதான் இப்ப நெனப்பு இல்ல. எனக்கு இன்னாமோ உன் மொத வரிசை என் கொல்லையில கீற மாதிரி தெரிது."

மேனேஜர் சட்டைப்பையில் கையை விட்டபடி முன்னால் வந்தார். "அம்மா, எதுவா இருந்தாலும் நாம பேசித் தீத்துக்கலாம்."

"காச நட்டு வெச்சா எல்லை ஆவுங்களா?" என்றார் அக்கா. மேனேஜர் கையை வெளியே எடுத்தார், வெறுங்கையாக.

கற்கள் உடனே கிடைத்துவிட்டன. டீ மாஸ்டர் அவற்றைக் கூட்டி அடுப்பாக்கியிருந்தார். முந்தின நாள் மாலை ஷாட் ஓகே ஆன சந்தோஷத்தில் நான் இரண்டு டம்ளர் குடித்தது அந்த அடுப்பில் கொதித்த டீதான். கரி படிந்த கல்லைப் பார்த்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார். "கல்லு கெடச்சி இன்னா பண்றது? எடம் கெடைக்கணுமே."

ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் இங்கே என்றார், ஒருவர் அங்கே என்றார். கடப்பாரையால் குத்திப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் வேலையில் சுத்தம். குத்திய இடமெல்லாம் ஒரே மாதிரி இறங்கியது.

நான் விழுந்த ஒத்திகை பதிவாகியிருந்தது. உதவி கேமராமேனிடம் அதை அழித்துவிடச் சொல்லி முந்தின நாளே கெஞ்சியிருந்தேன். "அழிக்கறதா? இதான் சார் நம்ம யூனிட்டோட காமெடி ட்ராக்" என்று சொல்லிவிட்டார். அதில் கல் இருக்குமே என்று, ஊர் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. தோன்றிய பிறகும் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ஊர் முழுக்கப் பார்க்கும் என்பதற்காக மட்டுமில்லை. அதில் வேறு என்ன தெரியும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

அக்கா முதல் வரிசைச் செடிகளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். யாரோ அப்போதே வந்து அவற்றைப் பிடுங்கிவிடப் போகிறார்கள் என்கிற மாதிரி. நான் உதவி கேமராமேனைக் கூப்பிட்டேன்.

பெரிய மானிட்டரில் போட்டார்கள். கதாநாயகி வருகிறார், படம் மிதக்கிறது. திடீரென்று வானம் வந்து, பிறகு கீழே இறங்கிச் சாய்ந்து நிற்கிறது. நான்தான் விழுந்தேன், படம் ஆடக்கூட இல்லை. என்ன கருவி! படச்சட்டத்தின் அடியில் கல் தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் மரவள்ளியின் முதல் செடி. பின்னால் வீட்டின் மூலை. ஊர் சிரித்தது. "இன்னொரு தபா போடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். போட்டார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தனும் சிரிக்கவில்லை. மானிட்டருக்குக் கிட்டே வந்து குனிந்தார்.

"ஏங்க, இந்தக் கல்லு வழியிலயே இல்லியே. ஓரமாத்தான கீது. வழி சும்மாதான் கெடக்குது. இதப் போயி ஏங்க புடுங்கச் சொன்னீங்க?"

டைரக்டர் என்னைப் பார்த்தார். லைட்மேன் வானத்தைப் பார்த்தார்.

"கால் தப்பா போச்சிங்க" என்றேன்.

"கால் உங்க காலு. கல்லு எங்க கல்லுங்க" என்றார் அக்கா.

மறுபடி சட்டையைப் பூட்டிக்கொண்டேன். அதே லென்ஸ். லைட்மேன் என்னை அக்குளில் பிடித்துக்கொள்ள, விழுகிறவனுடைய கோலத்தில் பாதி மல்லாந்து தொங்கினேன். உதவி கேமராமேன் பழைய படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு குரல் கொடுத்தார்: "சார், இன்னும் கொஞ்சம் விழுங்க. ஜாஸ்தி, ஜாஸ்தி. கம்மி பண்ணுங்க. ஆங், இப்ப சாயுங்க." வீட்டின் மூலையும் மரவள்ளிச் செடியும் பழைய படத்தில் இருந்த மாதிரியே ஒன்றையொன்று தொட்டு நின்றபோது, கொழுந்தனே கல்லைத் தூக்கி வந்து மெல்ல நகர்த்தினார். படமும் படமும் ஒன்றாயின. அங்கேயே குழி தோண்டினார்கள். கல் முதல் வரிசைக்கு வெளியே, கொழுந்தன் பக்கம்தான் நின்றது. அந்த இடத்தில் அக்கா ஒரு விரற்கடைகூடத் தாண்டி நட்டிருக்கவில்லை.

"சரிதான்" என்றார் கொழுந்தன். மனிதர் கெட்டவரில்லை. சாட்சி இல்லாத இடத்தில் மட்டும் அவருக்கு ஞாபகம் குறைவு. என்னைப் போலத்தான்.

"மீதி ரெண்டு கல்லு?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"அது படத்துல இல்லைங்க அக்கா."

"ஏன் இல்ல?"

"அதுக்கு முன்னாடியே விழுந்துட்டேன்."

"இன்னும் கொஞ்சம் தூரம் போயி வுழுந்து இருக்கக் கூடாதா நீங்க?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். என் வாழ்க்கையில் இன்னும் இரண்டு முறை விழாமல் போனதற்காக வருந்தியது அன்றைக்குத்தான்.

ஊர் கொஞ்ச நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. கிடைத்த கல்லிலிருந்து பலாமரம் வரை நேராகக் கயிறு கட்டுவது. பலாமரம் எல்லை என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. ஆனால் பழைய எல்லை நேராகப் போகவில்லை. நடுவில் ஒரு மேட்டைச் சுற்றிக் கொழுந்தன் பக்கம் வளைந்து போயிற்று. அந்த வளைவு எவ்வளவு என்று சொன்னவை மற்ற இரண்டு கற்கள்தான். கயிற்றை இழுத்துக் கட்டியபோது அக்காவின் மரவள்ளியில் கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நின்றது. அதிகமில்லை என்று மேனேஜர் என் காதில் சொன்னார். ஆமாம், பார்க்கிறவனுக்கு அதிகமில்லைதான்.

"அண்ணி, செடி உன்னுது. நீயே புடுங்கிக்க" என்றார் கொழுந்தன்.

"முத்தட்டும், அப்பறம் புடுங்கிக்கறேன்."

"அப்ப வரைக்கும் நான் ஏர் கட்டாம குந்திக்கினு இருக்கவா?"

அக்கா களைக்கொட்டை வைத்துவிட்டுக் குனிந்து, ஒவ்வொரு செடியாக அடித்தண்டைப் பிடித்து உலுக்கி இழுத்தார். நான் உதவப் போனேன். "நீங்க ஒண்ணும் புடுங்க வேணாம். நேத்து புடுங்கனது போதும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

கருவியைக் கழற்றி ஒப்படைத்துவிட்டு நான் கிளம்பும்போது அக்கா வழியில் நின்று ஒரு பையை நீட்டினார். மண்ணோடு கிழங்கு.

"வேணாங்க அக்கா."

"எனக்கு இத வெச்சி இன்னா பண்றது? ஜவ்வரிசி மில்லு லாரிக்காரன் எடுக்க மாட்டான். மாவு புடிக்கலன்னு திருப்பி அனுப்பிடுவான். எட்த்துக்கினு போங்க, புள்ளைங்க துன்னும்."

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருப்பதற்கு இன்னும் கொஞ்சம் நல்லவனாக இருந்திருக்க வேண்டும். மலைபஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் பை மடியிலிருந்து சரியப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தேன்.

வீட்டில் என் மனைவி பையைத் தரையில் கவிழ்த்தாள். ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கிழங்கைத் தொட்டாலே வயது சொல்லிவிடுவாள். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் கட்டைவிரல் கனம்தான் இருந்தது.

"ஐயையே, பிஞ்சா கீது. இன்னும் நாலஞ்சு மாசம் மண்ணுல கெடக்க வேண்டியது. எந்தப் பாவி இத இப்பப் புடுங்க வெச்சான்?"

"தெரியலையே" என்றேன்.

அவள் உரித்து, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். மாவே பிடிக்கவில்லை, தண்ணீர்தான். பிள்ளைகள் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்கள். மிச்சத்தை முழுவதும் நானே தின்றேன்.