நல்ல நேரத்தில் எதிர்வீட்டுக்குப் போன பை

சேலத்தில் என் மகளின் குழந்தைக்குக் காது குத்தல். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அதனால் என் மகன் போகாமல் தீராது. மகன், மருமகள், எட்டு வயதுப் பேத்தி, நாலு வயதுப் பேரன், நான் என்று ஐந்து பேரும் கிளம்புவதாக ஏற்பாடு.

பேரனுக்கு இழுப்பு உண்டு. அதனாலேயே இரண்டு வருஷமாக அவனை அம்பத்தூரைத் தாண்டி எங்கும் கூட்டிப் போனதில்லை. மூச்சு முட்டினால் மூக்கில் மாட்டி ஆவி வைக்கிற சின்ன மிஷின் ஒன்று இருக்கிறது. அது இல்லாமல் பிள்ளையை வெளியூர் அனுப்ப மாட்டேன் என்று மருமகள் முதல் நாளே சொல்லிவிட்டாள். சரியான பேச்சுதான்.

வெள்ளிக்கிழமை முழுக்க மூட்டை கட்டினோம். நாங்கள் இந்தப் பக்கம் அடுக்க, பேரன் அந்தப் பக்கம் எடுத்து வெளியே போட்டான். பெட்டி காலியானதும் அதற்குள் உட்கார்ந்துகொண்டு, "என்னியும் மூடு ஆயா" என்றான். பேத்தி கலர் பென்சிலை மூன்று தடவை வைத்தாள், மூன்று தடவை எடுத்தாள். நான் கட்டிய மூட்டை வழியில் அவிழ்ந்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

மருமகள் ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு ஒட்டினாள். "அத்தே, எதுல இன்னா கீதுன்னு எழுதி ஒட்டிக்கீறேன். பாத்துக்கங்க."

"எனுக்குத் தெரியாதா? நீ போயி புள்ளைக்கு சோறு ஊட்டு" என்றேன்.

எழுதியதெல்லாம் இங்கிலீஷ். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். இங்கிலீஷில் என் கண்ணுக்கு எல்லாச் சீட்டும் ஒன்றுதான். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கார் சனிக்கிழமை ஒன்பதரைக்கு வரும் என்றான் மகன். பன்னிரண்டு மணிக்கு சென்ட்ரலில் ரயில். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம்.

"அம்மா, ரயிலுக்கு ராகு காலம் தெரியுமா? அது பாட்டுக்குப் போய்கினே இருக்கும்" என்று சிரித்தான்.

"ரயிலு எப்பனா போவட்டும்டா. என் புள்ளைங்க நல்ல நேரத்துல வெளிய காலு வெக்கணும்."

இதற்கு வழி உண்டு. நம்மால் நல்ல நேரத்தில் கிளம்ப முடியவில்லை என்றால், கொண்டுபோகிற பையில் ஒன்றை அந்த நேரத்தில் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். பரஸ்தானம் என்பார்கள். பை கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பின கணக்கு. பிறகு போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். எட்டு மணிக்கு விளக்கேற்றிவிட்டு, கைக்கு அடக்கமாக இருந்த நீலப் பையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அங்கே இருப்பது திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பெண் தூக்கக் கண்ணோடு வந்தாள்.

"இத உங்க ஊட்ல வெய்யிம்மா. இன்னிக்கு ஊருக்குப் போயிட்டு வரோம்."

"கவலப்படாதிய பாட்டி. பத்திரமா வச்சுக்கிடுதேன்."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஒன்பதேகாலுக்கு லிப்ட் பக்கத்தில் பைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்த மருமகள் நிமிர்ந்தாள். "அத்தே, நீலப் பை எங்க?"

"அது அப்பவே கெளம்பிடுச்சு."

"எங்க கெளம்பிச்சு?"

"எதுர் ஊட்டுக்கு."

"ஐயோ அத்தே, அதுலதான் மிஷின் கீது!"

எதிர்வீட்டில் பூட்டு தொங்கியது. போன் அடித்தது, எடுப்பார் இல்லை. இரண்டு பேரும் பைக்கில் திருவேற்காடு கோயிலுக்குப் போனார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார்.

"வழியில புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றான் மகன்.

"அந்த மாஸ்க்குக்கே ஒரு மாசம் அழுதான். புதுச மூஞ்சிகிட்ட உடுவானா?" என்றாள் அவள். "நீங்க போங்க. நானும் புள்ளயும் வரல."

மகன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு திருவேற்காட்டுக்கு ஓடினான்.

"ஆயா, நம்ம பைய நீ ஏன் அவங்களுக்குக் குடுத்தே?" என்று பேத்தி கேட்டாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கீழே காரோட்டி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.

மருமகள் குரல் உயர்த்தவில்லை. "பேரு ஒட்டிக்கீறேன்னு சொன்னேனே அத்தே" என்றாள்.

"இங்கிலீஷ்ல ஒட்டிக்கீற. நான் சைசப் பாத்து எடுத்தேன்."

இதைச் சொல்ல எனக்கு அறுபத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னியச் சொல்லணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பேரன் கால் மாற்றிப் போட்டிருந்த செருப்பைக் கழற்றிச் சரியாக மாட்டினாள்.

பத்தே முக்காலுக்கு எதிர்வீட்டுப் பெண் நெற்றி நிறையக் குங்குமத்தோடு மூச்சு வாங்க ஓடி வந்தாள், பின்னாலேயே என் மகன். "பாட்டி, நீங்க ஊருக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் வைக்கச் சொன்னியன்னுல்லா நெனச்சேன்! பீரோவுல வச்சுப் பூட்டிட்டுல்லா போனேன்!"

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான்தான் விளக்கமாகச் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து பையை எடுத்துக் கொடுத்தவளின் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தேன்.

"ராகு காலமும் முடிஞ்சிடுச்சு. இப்ப திருப்தியாம்மா?" என்றான் மகன். அது என் நாக்கு நுனியிலும் இருந்தது. மருமகள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

காரில் ஏறியதும் அவள் நீலப் பையை என் மடியில் வைத்தாள். "நீங்களே வெச்சுக்கங்க அத்தே" என்றாள். சொல்லில் குத்தல் இல்லை.

ரயில் நகர ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏறினோம். அரக்கோணம் தாண்டியதும் பேரன் அந்தப் பைமேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான். என் கால் மரத்தது. நான் அசையவில்லை. குனிந்து குனிந்து அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே வந்தேன். சீராகத்தான் இருந்தது.