நாக்சோஸ் தீவுக்கு ஒரு டிக்கெட்

கோவளத்தில் பிறந்து, கோவளத்திலேயே வாழ்க்கைப்பட்டு, ஐம்பத்தெட்டு வயதுவரை அலைச் சத்தத்தில் தூங்கி எழுந்த சைதூனுக்கு, உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. சிரிக்காதீர்கள். கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்குக் கடலைப் பார்க்க எங்கே நேரம் இருக்கிறது? சைதூனுக்குக் கேளம்பாக்கம் கடைத்தெருவில் லேடீஸ் தையல் கடை. பாதி ஆயுசை மெஷின் ஊசியைப் பார்த்தே கழித்தவள்.

கணவர் ஹுசைன் இறந்து எட்டு வருஷம். மகன் ரயான், மனைவி ஹனியாவோடு கனடாவில். முட்டிவலி வந்ததும் போன வருஷம் கடையை மூடிவிட்டாள். அதன் பிறகு வீட்டில் பேச்சுக்குரல் என்றால் அது டிவியில் வருவதுதான். ஒரு டம்ளர் அரிசி போட்டு, அதையே ராத்திரிக்கும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் காக்காய்க்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் பர்தாவைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்தாள். பட்டாணிப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் ஒரு போலீஸ்காரர் வந்து, "இன்னாம்மா, வூட்ல சண்டையா?" என்றார். அவர் நகர்ந்ததும் யாரோ ஓர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கஷ்டமும் நிரந்தரமில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் போன ஆட்டோக்காரர் சிங்காரம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "ஒண்டியா இங்க இன்னா பாயம்மா பண்ற? ஏறு, வூட்ல வுடுறேன்." எல்லோரும் நல்லவர்கள். அதுதான் தொல்லை. சைதூன் ஏறி வந்துவிட்டாள்.

அப்புறம்தான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தாள். கிரீஸ் நாட்டில் நாக்சோஸ் என்று ஒரு தீவு. துறைமுகத்தை ஒட்டிக் காபிக் கடைகள். அதில் ஒன்றில், தலையில் கறுப்புத் துணி கட்டிய ஒரு வயசான பெண் தனியாக நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரன் காபியை வைத்துவிட்டுப் போனான். ஒருவரும் அவளை எதுவும் கேட்கவில்லை. வீடியோ எடுத்தவன் அவளைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டான். சைதூன் மட்டும் விரலால் பின்னுக்கு இழுத்து இழுத்து அந்தப் பெண்ணையே பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாளே படூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே காலேஜ் பிள்ளைகளுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் ஒன்று வைத்திருக்கிறாள் தமிழரசி. சைதூனிடம் கல்யாண ப்ளவுஸ் தைத்துக்கொண்டவள்.

"கிரீஸா? யார் யார் போறீங்க அக்கா?"

"நான்தான்."

"கூட?"

"அதான் சொல்றேனே, நான்தான்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "தமிழு, அங்க காபிக் கடையில பொம்பள ஒண்டியா குந்திகினு இருந்தா, எழுப்பிவுட மாட்டாங்களே?"

"ஒரு காபி வாங்கிட்டு நாள் பூரா உக்காரலாம்க்கா" என்றாள் தமிழரசி.

இரண்டு பேரும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். ஏதென்ஸ்வரை விமானம், அங்கிருந்து கப்பல். ஹலால் சாப்பாட்டுக்கு அலையாமல் இருக்க, அடுப்பு வைத்த அறை. அங்கே வெயில் தணிந்து, இங்கே மழை பிடிப்பதற்குள் போய்வந்துவிட வேண்டும். காலையில் யாரையாவது பார்த்தால் 'கலிமேரா' என்று சொல்ல வேண்டுமாம். சைதூன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கலிமேரா சொல்லிப் பழகினாள்.

ரயானிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "எதுக்கும்மா அங்கெல்லாம்? இங்க வாயேன். ஹனியா வேலைக்குப் போவணும், கொழந்தைய நீ பாத்துக்கலாம்." மகன் அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அங்கே போனால் தனக்கு எந்த நாற்காலி கிடைக்கும் என்று சைதூனுக்குத் தெரியும்.

விசா வந்தது. சூட்கேஸ் வாங்கினாள். வினை அதில்தான் வந்தது. வாசலில் மீன்கூடையை இறக்கிய தனக்கோடி, உள்ளே புதுப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னா பாயம்மா, மெக்காவுக்கா?" என்றாள்.

சைதூன் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றால் எங்கே, ஏன், யாரோடு என்று பத்துக் கேள்வி வரும். "ம்" என்று சொல்லிவைத்தாள். ஓர் எழுத்து. தனக்கோடி தெருக்கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

மெக்காவுக்கு உம்ரா யாத்திரை கிளம்புகிறவர்களை அந்தத் தெரு சும்மா அனுப்பாது. வீடு வீடாகக் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். எங்களுக்காகவும் அங்கே இறைவனிடம் துஆ கேளுங்கள் என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். பழைய மனத்தாங்கல் இருந்தால் வந்து மன்னிப்புக் கேட்பார்கள். அன்றைக்குச் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததுமே சைதூன் வீட்டு வாசலில் செருப்பு குவிந்தது.

எட்டு வருஷமாகக் காலிங்பெல் அடித்தால் கேஸ்காரர் என்று இருந்த வீடு அது. இப்போது பெண்கள் தரையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒருத்தி கேட்காமலே அடுப்படிக்குள் போய்ப் பாலைக் காய்ச்சினாள். சைதூன் எத்தனையோ தரம் வாயைத் திறந்தாள். உண்மை நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று. என்ன செய்வாள் பாவம்? பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று சோறு வைத்து எத்தனை காலம் ஆகிறது! போன வீட்டிலெல்லாம் சாப்பிட்டாள். நெய்ச்சோறும் தாளிச்சாவும் உள்ளே இறங்கின. கூடவே ஒவ்வொருவர் குறையும் இறங்கியது. பிள்ளை இல்லாதவள், புருஷன் குடிப்பவன். சிங்காரம்கூட வாசலிலேயே நின்று, "என் வூட்டுக்காரிக்கு கால் புண்ணு ஆறவே மாட்டேங்குது. அங்க ஒரு வார்த்த சொல்லு பாயம்மா" என்றார். அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

கிளம்ப இரண்டே நாள் இருக்கும்போது ஜன்னா வந்தாள்.

ஜன்னா ஹுசைனின் தங்கை. அடுத்த தெருதான். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஹுசைனுக்கு நெஞ்சுவலி வந்த அன்று சைதூன் கடையில் பெருநாள் துணி தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் போன் செய்து, அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணனின் மய்யித்துக்கு முன்னாலேயே ஜன்னா கத்தினாள்: "நீ தெச்சிகினு இரு, எங்கண்ணன் போய்ட்டான்!" அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. எதிரே வந்தால் ஒருத்தி சந்துக்குள் திரும்பிவிடுவாள்.

அந்த ஜன்னா இப்போது வாசற்படியில் நின்றாள். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. சைதூன் உள்ளே வரச் சொல்வதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. எட்டு வருசமா நெஞ்ச அறுத்துகினு கீது. அல்லா வூட்டுக்குப் போற. என் மேல கோவத்தோட போவாத."

சைதூன் அவளை நாற்காலியில் உட்கார வைத்து டீ கொடுத்தாள். எட்டு வருஷமாகக் காதில் விழக் காத்திருந்த வார்த்தை. வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஊருக்குப் பொய் சொன்னவளால் இவளிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"ஜன்னா, நான் மெக்காவுக்குப் போவல."

"பின்ன?"

"கிரீஸ்ல ஒரு தீவு."

"அங்க யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாத ஊருக்கு இன்னாத்துக்கு?"

"ஒரு சேர்ல குந்திகினு கடலப் பாக்கணும்."

ஜன்னா ஜன்னல் பக்கம் திரும்பினாள். அலைச் சத்தம் அங்கேயே கேட்டுக்கொண்டிருந்தது. டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஜன்னா வெளியே மூச்சு விடவில்லை. சைதூனே மறுநாள் காலையில் கிளம்பி, சாப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னாள். சும்மா வந்ததைத் தின்றுவிட்டுப் போகிற பழக்கம் அவளுக்கில்லை. ஒரு வீட்டில், "அப்ப எங்க துஆவெல்லாம்?" என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் முகத்துக்கு நேராகக் கதவு சாத்தவில்லை. அவள் படியிறங்கும்வரை காத்திருந்து சாத்தினார்கள். தனக்கோடி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க இருந்து கேட்டா இன்னா பாயம்மா? நம்ம பையன் சூர்யாவுக்கு அங்கிருந்தே ஒரு வேல கேளு." அன்றைக்கு மத்தியானம் சைதூன் மறுபடியும் ஒரு டம்ளர் அரிசி போட்டாள்.

புறப்பட்ட நாளில் ஏர்போர்ட்டுக்குக் காரை ஓட்டி வந்தது சிங்காரம்தான், மச்சானிடம் இரவல் வாங்கிய கார். உம்ராவுக்குப் போகிறவரைத் தெருவே நின்று ஸலாம் சொல்லி அனுப்பும். சைதூனுக்குச் சில ஜன்னல் திரைகள் அசைந்தன. அவள் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பயணமே வேண்டாம், வண்டியைத் திருப்பு என்று சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜன்னா கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள். ஒரு டிபன் டப்பாவை ஜன்னல் வழியே நீட்டினாள்.

"பொடியும் ஊறுகாயும் கீது. அங்க இன்னா கெடைக்குமோ."

சைதூன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். டப்பா இன்னும் சூடாக இருந்தது. பொடி, ஊறுகாயோடு சுடச்சுட ஏதோ சமைத்தும் வைத்திருக்கிறாள். ஜன்னா நகரவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணி, அந்தக் காபிக் கடையில ஒரு சேர்தான் போடுவாங்களா?"

சைதூனுக்கு அந்த வீடியோ கண்ணுக்கு முன்னால் வந்தது. மேசைக்கு இரண்டு நாற்காலி. எல்லா மேசைக்கும் இரண்டு. இத்தனை நாளும் அவள் ஒன்றைத்தான் பார்த்திருந்தாள். தன்னைப்போலவே ஒரு டம்ளர் அரிசி போடும் ஒருத்தி அடுத்த தெருவில் இருந்திருக்கிறாள். பையில் இருப்பதோ ஒரே டிக்கெட்.

"ரெண்டு போடுவாங்க ஜன்னா."

ஜன்னா தலையை ஆட்டிக்கொண்டாள். கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப ஒண்ணு சும்மா கெடக்கும்" என்றாள்.