லெவல் அத்தானும் லீக் போல்ட்டும்

என் அக்கா புருஷன் வேலை பார்ப்பது ஒரு மெத்தைக் கடையில். வருகிறவர்களைப் படுத்துப் பார்க்கச் சொல்வதுதான் அவர் உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் தானும் படுக்க மாட்டார், மற்றவர்களையும் படுக்க விட மாட்டார், எல்லோரையும் படுத்துவதோடு சரி. கேட்டால், "நம்ம லெவலே வேற" என்பார். சமையலறைக் குழாயைச் சரி செய்கிறேன் என்று வீட்டைக் குளமாக்கிவிட்டு, நடுத் தண்ணீரில் நின்றபடியும் அதையேதான் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அவர் லெவல் அத்தான். அது அவருக்கும் தெரியும். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் உண்டு. உதைத்தால்தான் கிளம்பும், அதுவும் அது மனசு வைத்தால். இந்தக் காலத்து வண்டிகளில் இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய், கூட்டுக் குடும்பம். இந்தக் கிழத்தில் கியர்பாக்ஸ் தனிக்குடித்தனம். அதற்கென்று தனி எண்ணெய், ஊற்றுவதற்கு மேலே ஒரு மூடி, வடிப்பதற்கு அடியில் ஒரு போல்ட், பக்கவாட்டில் சின்னதாக இன்னொரு போல்ட். போல்ட்டுக்குப் போல்ட் கழுத்தில் ஒரு செம்பு வாஷர். முறுக்கும்போது அது நசுங்கி இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஒரு தடவை நசுங்கினால் அதன் ஜோலி முடிந்தது, அடுத்த தடவைக்குப் புதுசு வேண்டும். இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த மாதம் முழுக்க அக்கா வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அந்த வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்யாணமானதிலிருந்து அக்கா சட்டி சாமானைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தவள். ஒரு வீட்டில் அத்தான் மின்சாரப் பெட்டியைத் திறந்து 'சும்மா' பார்த்தார், மாடிவரை இருட்டானது. இன்னொரு இடத்தில், வீட்டுச் சொந்தக்காரருக்கே அவர் காரை எப்படி நிறுத்த வேண்டும் என்று வாசலில் நின்று பாடம் எடுத்தார். இப்படியாக அலைந்தவளுக்கு இந்த வீடு அமைந்தபோது நம்பவே முடியவில்லை. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடம் தெருமுனையிலேயே இருந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடம் அடுத்த தெரு. காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் வெயில் நேராக மேடையில் வந்து உட்காரும். இந்த வீட்டில்தான் அவள் முதல்முறையாகச் சுவரில் ஆணி அடித்துப் படம் மாட்டினாள். அதுவரை அவள் கல்யாணப் படம் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை.

மாடியில் ஓனரம்மா. தங்கமான மனுஷி, ஆனால் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் புதிதாக வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தார். தினமும் அதைத் துடைத்த மாதிரி பெற்ற பிள்ளைக்குக்கூட மூஞ்சி துடைத்துவிட்டிருக்க மாட்டார்.

அந்த டைல்ஸ் மேல்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, அத்தான் பழைய பேப்பரை விரித்து வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றியிருந்தார். பக்கத்தில் அக்காவின் துணி அலசும் பேசின். கியர் எண்ணெய் மாற்றும் வைபவம்.

"மெக்கானிக்கிட்ட விடலாமே, அத்தான்?"

"நான் உயிரோட இருக்கற வரைக்கும் ஒரு மெக்கானிக்கும் இதுல கை வைக்க முடியாது. வீடியோ பாத்துட்டேன்."

"முழுசாவா?"

"பாதி பாத்தா போதும். மீதி நமக்கே தெரியும்."

பொய் சொல்லக் கூடாது, அந்தப் பாதியை ஒழுங்காகத்தான் செய்தார். வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கியிருந்தார், எண்ணெய் இளகி வடிய வேண்டுமாம். அடிப் போல்ட்டைக் கழற்றினார். கருகருவென்று வடிந்தது. புது வாஷர் போட்டு மூடினார். பக்கவாட்டுச் சின்ன போல்ட்டையும் திறந்து வைத்துக்கொண்டு மேலே புது எண்ணெய் ஊற்றினார். வீடியோவின் பாதி அங்கே முடிந்திருக்க வேண்டும். ஏனென்றால் டப்பா பாதி காலியானபோது பக்கத்து ஓட்டை வழியாக எண்ணெய் எட்டிப் பார்த்தது.

"ஐயையோ, ஒழுகுது! துணி! துணி கொண்டா!"

நான் துணி கொண்டுவருவதற்குள் சின்ன போல்ட்டில் புது வாஷரை மாட்டித் திருகி, ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கிவிட்டார்.

"பாத்தியா? இத்தனை வருஷமா இந்த வண்டில ஒரு லீக் போல்ட் இருந்திருக்கு. எவனும் கண்டுபிடிக்கல. நம்ம லெவலே வேற."

அப்புறம் டப்பாவில் இருந்த மிச்சப் பாதியையும் மேல் மூடி வழியாக உள்ளே கவிழ்த்தார்.

"அவ்வளவுமா அத்தான்?"

"மிச்சம் வச்சு என்ன பண்ண, தலைக்கா தேய்க்க? எண்ணெய் கூட இருந்தா வண்டிக்கு நல்லதுதானே."

மறுநாள் காலையில் வெள்ளை டைல்ஸில் ஒரு பொட்டு. மாலையில் அது பெரிய பொட்டு. அடிப் போல்ட்டின் நுனியில் எண்ணெய் ஒரு முத்துப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்குகிற இடத்தில்தானே ஓட்டை இருக்க வேண்டும்? அத்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: வாஷர் சரியில்லை.

பாவம் அந்த வாஷர். அதைக் கழற்றினார், வேறு கடையில் வேறு செம்பு வாஷர் வாங்கிப் போட்டார். சொட்டியது. அலுமினிய வாஷர் போட்டார். சொட்டியது. ரப்பரும் செம்பும் ஜோடியாகப் போட்டார். மரையில் வெள்ளை டேப் சுற்றினார், மேலே பசை பூசினார். ஒவ்வொரு தடவையும் எண்ணெய் முழுவதையும் பேசினில் வடித்து, வேலை முடிந்ததும் ஒரு சொட்டுக்கூட வீணாக்காமல் அத்தனையையும் திரும்ப உள்ளே ஊற்றினார். கீழே தட்டு வைத்துப் பிடித்ததையும் சேர்த்துத்தான். சிக்கனமாம். அக்காவின் பேசின் பிறகு எந்தத் துணியையும் பார்க்கவில்லை.

ஒருநாள் ஓனரம்மா இறங்கி வந்தார். குனிந்து கறையைப் பார்த்தார், நிமிர்ந்து அத்தானைப் பார்த்தார்.

"தம்பி, மாசக் கடைசியோட அக்ரிமென்ட் முடியுது. அதுக்குள்ள இந்தச் சொட்டு நிக்கணும். இல்லன்னா வண்டியோட சேர்ந்து நீங்களும் கிளம்பிடுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"புது வாஷர் செட் ஆக கொஞ்ச நாள் ஆகும்மா" என்றார் அத்தான்.

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கெஞ்சினாள்: "தெருவுலயாவது நிறுத்துங்களேன்."

"என் வண்டி தெருவுல நிக்கறதா? நம்ம லெவலுக்கு?"

மாதத்தின் கடைசி ஞாயிறு. மறுநாள் காலை வந்து பார்ப்பதாகவும், சொட்டு நின்றிருந்தால் புது அக்ரிமென்ட் போடுவதாகவும் ஓனரம்மா சொல்லியிருந்தார். நான் போனபோது அக்கா சமையலறை ஜன்னலருகே நின்றிருந்தாள். ஹாலில் அத்தான் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா, ரெண்டு ரூம் போதும். இந்தம்மாவுக்கு வண்டியோட அருமை தெரியல. ஊருக்கு வெளியன்னாலும் பரவால்ல." பேசிக்கொண்டே, ஒரு கையால் சுவரிலிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றிச் சோபாவில் கவிழ்த்து வைத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் படத்தாலேயே அவர் தலையில் ஒன்று போட்டிருப்பேன். ஒரு போல்ட்டுக்குப் பயந்துகொண்டு வீட்டையே காலி செய்கிற மனுஷனை வேறென்ன செய்வது?

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவளோ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, உபரிக் குழாய் வழியாகப் பின்கட்டில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "தொட்டி ரொம்பிடுச்சு, மோட்டாரை நிறுத்துங்க!" என்று மேலே ஓனரம்மா கத்தினார். மோட்டார் நின்றது. கொஞ்ச நேரத்தில் கொட்டுவதும் நின்றது.

"ஏன்டி, அந்தக் குழாயை அடைச்சு வச்சிட்டா என்ன ஆகும்?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"என்ன ஆகும்? மூடி இடுக்கு வழியா வழிஞ்சு சுவரெல்லாம் ஊறும்."

"அப்படி ஊறி, கீழ எங்கயோ வந்து சொட்டும்" என்றாள். சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனாள்.

"என்னங்க, அந்த லீக் போல்ட்டைத் திறங்க."

அத்தான் போனைப் பொத்திக்கொண்டார். "உனக்கென்ன பைத்தியமா? திறந்தா கொட்டும்."

"கொட்டட்டும். ஒழுகறதுக்குன்னு ஒருத்தன் போல்ட் வைப்பானா? அளவுக்கு மேல ஊத்தினது வெளிய வர்றதுக்குத்தான் அந்த ஓட்டை. நீங்க அதை அடைச்சிட்டு டப்பாவோட கவுத்திருக்கீங்க."

"வீடியோல அப்படிச் சொல்லல."

"மீதி வீடியோல சொல்லியிருப்பான்" என்றேன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

அவர் திறக்கவில்லை. அக்காதான் ஸ்பேனரை எடுத்தாள். வண்டி நடு ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்றது. இரும்புக் குழாய் போட்டு முறுக்கிய போல்ட் லேசில் அசையுமா? நானும் அவளும் சேர்ந்து தொங்கினோம். 'டக்'கென்று விட்டது.

எண்ணெய் தடித்த கம்பியாகப் பேசினில் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. தன் சொத்தையே யாரோ வாரிக்கொண்டு போவதுபோல அத்தான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு கம்பி மெலிந்தது, நூலானது, சொட்டானது, தானாகவே நின்றது. அக்கா ஓட்டையைத் துடைத்து, புது வாஷர் போட்டு, அளவாக முறுக்கினாள். அப்புறம் கியர்பாக்ஸைச் சுற்றித் துடைக்கும்போதுதான் தெரிந்தது, எண்ணெய் இத்தனை நாளும் செயின் பக்கத்திலிருந்து கசிந்து, வயிற்றோடு ஊர்ந்து வந்து, அடிப் போல்ட்டில் தொங்கியிருக்கிறது. அந்த வாஷர்களில் ஒன்றுகூட ஒரு பாவமும் அறியாது. அக்கா தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வண்டிக்கடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்தாள்.

நானும் அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் காகிதம் விரித்தபடியே வெள்ளையாகக் கிடந்தது.

ஓனரம்மா அக்ரிமென்டோடு வந்தார். குனிந்து காகிதத்தைப் பார்த்தார், விரலால் தடவியும் பார்த்தார்.

"அட, நின்னுடுச்சே! யாரு சரி பண்ணது?"

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தான் அப்பவே சொன்னேனேம்மா, வாஷர் செட் ஆக கொஞ்ச நாள் ஆகும்னு. இதெல்லாம் பொறுமையாப் பண்ற வேலை. நம்ம லெவ…"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அழுத்தினாள். ஹாலில் எல்லோரும் உட்கார்ந்ததும், வழக்கமாக அத்தான் பெயர் எழுதும் குடித்தனக்காரர் இடத்தில் தன் பெயரை எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். ஓனரம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு தானும் போட்டார்.

"அப்ப நான் எங்க போடறது?" என்றார் அத்தான்.

அக்கா கீழே இருந்த கோட்டைக் காட்டினாள்.

"இங்க, சாட்சின்னு இருக்குல்ல? நீங்கதானே வாசப்படில உக்காந்து எல்லாத்தையும் பாத்தீங்க."

அத்தான் பேனாவை வாங்கிக்கொண்டார். அக்கா எழுந்து போய்ச் சோபாவில் கவிழ்ந்து கிடந்த படத்தை எடுத்து, அதே ஆணியில் மாட்டினாள்.