டப்பாவில் நான் வைத்த பொம்மை

யாரோ ஒளித்து வைத்த டப்பாவை, செல்போன் வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்தால், பதிலுக்கு நம்முடையது ஒன்றை வைக்க வேண்டும். அதுதான் விளையாட்டின் விதி.

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை ஓரம், வேப்பமரத்தடிக் கல்லுக்குக் கீழே ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே மஞ்சள் நூல் சுற்றிய செப்புத் தகடு மட்டும். சந்தோஷமாக அதை எடுத்துக்கொண்டு, என் சாவிக்கொத்தில் தொங்கிய துணிப் பொம்மையை வைத்து மூடினேன்.

பைக்கைக் கிளப்பும்போதுதான் போனைச் சரியாகப் பார்த்தேன். நான் தேடி வந்த டப்பா சாலைக்கு அந்தப் பக்கம், மைல்கல்லுக்குப் பின்னால் இருந்தது. அப்படியானால் நான் எடுத்தது, பண்ணைக்குக் காவலாக மந்திரித்து வைத்த தகடு. திரும்பி ஓடினேன்.

அதற்குள் பண்ணைக்கார அம்மா, கல் நகர்ந்திருப்பதைப் பார்த்து டப்பாவைத் திறந்துவிட்டார்.

"ஏனுங்க, இங்க வாங்க! தகட்டக் காணோம். செய்வினைப் பொம்மை வெச்சிருக்குதுங்க. உங்க தம்பி ஊட்டு வேலதான் இது!" என்று பண்ணைக்குள் இருந்த கணவரைக் கூப்பிட்டார்.

நடந்ததைச் சொல்லி, போனைக் காட்டி, தகட்டை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"இப்படிச் சொல்லச் சொல்லி அவங்க அனுப்புனாங்களாங்க?" என்றார், மரியாதை கொஞ்சமும் குறையாமல்.

கணவர் பொம்மையை வாங்கி மடியில் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

"தம்பியப் பாத்துட்டு வாரனுங்க" என்றார் என்னிடம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தத் தகடு இன்னும் பைக் பெட்டியில்தான் கிடக்கிறது. வீட்டுக்குள் கொண்டுபோக மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக நான் வைத்தது எந்த வீட்டுக்குள் போனதோ, என்ன செய்ததோ, போய்க் கேட்கவும் துணிவில்லை.